கைக்குள் விளையாட்டைத் தந்தவர்



உங்கள் வீட்டில் ஐந்து, ஆறு வயதில் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கலாம். அடுத்த மாதம் பிறந்தநாள். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் மாமா விடுமுறையில் ஊருக்கு வருகிறார். கையில் வைத்து விளையாடும் வீடியோ கேம் ஒன்று வாங்கி வரட்டுமா என்று போனில் கேட்கிறார். எதை வாங்கி வரச் சொல்வீர்கள்? பெரிய திரை உள்ளதையா? விலை அதிகமானதையா? விளம்பரத்தில் வருவதையா?

இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையாலேயே விடை சொன்ன ஒருவர் ஜப்பான் நாட்டில் வாழ்ந்தார். கைக்குள் அடங்கும் வீடியோ கேமை உலகம் முழுவதும் கொண்டு சேர்த்தவர் அவர். பெயர் குன்பேய் யோகோய். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

பூச்சீட்டுத் தொழிற்சாலை

1941ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி கியோட்டோ நகரில் யோகோய் பிறந்தார். கியோட்டோ, ஜப்பானின் பழைய தலைநகரம். நம் நாஞ்சில் நாட்டைப் போலவே எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு கோயில் தென்படும் ஊர்.

அங்கேயே டோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்தார். வகுப்பில் முதல் மாணவர் என்று சொல்ல முடியாது. பெரிய மின்சாதன நிறுவனங்களில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. 1965ஆம் ஆண்டு உள்ளூரிலேயே இருந்த ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். அதன் பெயர் நின்டெண்டோ.

நின்டெண்டோ என்றதும் உங்களுக்கு மாரியோ நினைவுக்கு வருவார். அன்றைக்கு மாரியோவும் இல்லை, வீடியோ கேமும் இல்லை. 1889ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் சீட்டுக்கட்டு தயாரித்து வந்தது. 'ஹனபுடா' என்பது அந்தச் சீட்டின் பெயர். பூப்படம் போட்ட சீட்டு. ஆண்டுக்கு 12 மாதம், மாதத்துக்கு 4 சீட்டு, மொத்தம் 48. சீட்டு அச்சடிக்கும் இயந்திரங்கள் பழுதாகாமல் பார்த்துக் கொள்வதுதான் யோகோயின் வேலை.

இயந்திரம் ஒழுங்காக ஓடினால் அவருக்கு வேலையே இல்லை! சும்மா இருக்க அவரால் முடியவில்லை. பட்டறையில் கிடந்த பொருள்களை எடுத்து, தன் பொழுதுபோக்குக்கு ஒரு விளையாட்டுச் சாமான் செய்தார். சில கடைகளின் வாசலில் இழுத்து மூடும் கம்பிக் கதவு இருக்கும், பார்த்திருப்பீர்கள். பெருக்கல் குறி போலப் பின்னிய பட்டைகள் விரிந்து நீளும், மடங்கிச் சுருங்கும். அதே அமைப்புத்தான். கைப்பிடியை அழுத்தினால் பட்டைகள் நீண்டு போய், தூரத்தில் இருக்கும் பொருளைப் பிடித்துக் கொள்ளும். நம் ஊரில் மாங்காய் பறிக்கும் தோட்டியை மடக்கி வைத்தது போல என்று சொல்லலாம்.

1966ஆம் ஆண்டு ஒருநாள் நிறுவனத்தின் தலைவர் ஹிரோஷி யமவுச்சி தொழிற்சாலைக்கு வந்தார். வேலை நேரத்தில் ஊழியர் விளையாடுவதைப் பார்த்துவிட்டார். பிறகு அவரைத் தன் அறைக்கு வரச் சொன்னார். திட்டு விழப் போகிறது என்று எண்ணிக்கொண்டே யோகோய் போனார். தலைவர் திட்டவில்லை. அதையே விற்பனைக்கு ஏற்ற பொம்மையாகச் செய்யச் சொன்னார்.

அப்படிப் பிறந்ததுதான் 'அல்ட்ரா ஹேண்ட்'. பேட்டரி கிடையாது, மோட்டார் கிடையாது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது! இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக் கொண்டிருந்தவர் பொம்மை உருவாக்கும் பொறியாளர் ஆனார்.

வேலை நேரத்தில் விளையாடினால் பரிசு கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்! தனக்குக் கொடுத்த வேலையை முடித்த பிறகும் அவர் கை சும்மா இருக்கவில்லை. அதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இடப்பக்கம் மட்டும் திரும்பும் கார்

ரிமோட்டால் ஓடும் பொம்மைக் கார்கள் அந்தக் காலத்தில் யானை விலை. முன்னே, பின்னே, இடம், வலம் என்று எல்லாப் பக்கமும் போக வேண்டுமானால் உள்ளே நிறைய பாகங்கள் வேண்டும். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்து ஏங்குவதோடு சரி.

யோகோய் யோசித்தார். எல்லாப் பக்கமும் திரும்பத்தான் வேண்டுமா? ஒரு பக்கம் மட்டும் திரும்பினால் போதாதா? 1972இல் 'லெஃப்டி ஆர்எக்ஸ்' என்ற கார் வந்தது. நேராகப் போகும். பொத்தானை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும். அவ்வளவுதான்!

வலப்பக்கம் போக வேண்டுமானால் என்ன செய்வது? இடப்பக்கமாகவே முக்கால் வட்டம் அடித்தால் வலப்பக்கம் வந்துவிடும். உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயம் நினைவிருக்கிறதா? மைதானத்தைச் சுற்றி ஓடும் எல்லாரும் இடப்பக்கமாகத்தானே வளைகிறார்கள்! பந்தயம் நடத்த இடப்பக்கம் ஒன்றே போதும். பாகங்கள் குறைந்தன. விலையும் குறைந்தது.

இதிலிருந்து அவர் ஒரு கொள்கையை வகுத்துக் கொண்டார். புத்தம் புதிய தொழில்நுட்பம் விலை அதிகம். அதில் என்ன கோளாறு வரும் என்பதும் தெரியாது. சில ஆண்டுகள் பழகிய தொழில்நுட்பம் மலிவாகக் கிடைக்கும். அதன் குறை நிறைகள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பழையதை யாரும் நினைக்காத புது வேலைக்குப் பயன்படுத்த வேண்டும். அப்படிப்பட்ட தொழில்நுட்பத்தை வாடிப்போனது என்றே அவர் குறிப்பிட்டார். வாடிய பூவைப் போல மற்றவர்கள் ஒதுக்கியதை அவர் எடுத்துத் தொடுத்தார்.

ரயிலில் கண்ட காட்சி

நாகர்கோவிலில் இருந்து சென்னைக்கு ரயிலில் போகும்போது பொழுது போகாமல் தவித்திருப்பீர்கள். 1970களின் இறுதியில், ஜப்பானின் அதிவேக ரயிலில் ஒருவர் அப்படித்தான் தவித்துக் கொண்டிருந்தார். கையில் இருந்த கால்குலேட்டரின் பொத்தான்களைச் சும்மா அழுத்தி அழுத்திப் பொழுதைப் போக்கினார். எதிரே இருந்த யோகோய் அதைப் பார்த்தார். பொழுது போக்கவென்றே கால்குலேட்டர் அளவில் ஒரு கருவி செய்தால் என்ன என்று தோன்றியது.

சில காலம் கழித்து, நிறுவனத் தலைவரின் கார் ஓட்டுநர் ஒருநாள் வரவில்லை. அந்தக் காரை ஓட்டத் தெரிந்த யோகோயை அழைத்தார்கள். போகும் வழியில் பேச்சுவாக்கில் அவர் தன் எண்ணத்தைத் தலைவரிடம் சொன்னார். தலைவர் காது கொடுத்ததாகவே தெரியவில்லை. ஆனால், அன்று நடந்த கூட்டத்தில் ஷார்ப் நிறுவனத்தின் தலைவரைச் சந்தித்தபோது அதைப் பற்றிப் பேசிவிட்டார். சில நாட்களில் ஷார்ப் நிறுவனத்தார் நின்டெண்டோவுக்கு வந்து நின்றார்கள்!

அப்போது ஷார்ப், கேசியோ போன்ற நிறுவனங்கள் கால்குலேட்டர் விற்பதில் கடும் போட்டி போட்டன. விலை சரிந்தது. அதில் பயன்படும் திரவப் படிகத் திரை மலிவானது. யோகோயின் கொள்கைக்கு ஏற்ற, வாடிய பூ கையில் கிடைத்துவிட்டது!

1980இல் 'கேம் அண்ட் வாட்ச்' வெளிவந்தது. விளையாடாத நேரத்தில் அது கடிகாரம். ரயிலில் மடியில் வைத்துக் கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் இரண்டு கட்டை விரல்களால் விளையாடும்படி வடிவமைத்தார். இன்று நீங்கள் எந்தக் கைக் கருவியைப் பிடித்தாலும் கட்டை விரல்கள் இரண்டும்தானே வேலை செய்கின்றன? அந்தப் பழக்கத்துக்குப் பாதை போட்டது இதுதான். சுமார் 60 வகைகள் வந்தன. உலகம் முழுவதும் 4 கோடியே 34 லட்சம் விற்றன.

கட்டை விரலுக்கு ஒரு கூட்டல் குறி

1982இல் 'டாங்கி காங்' என்ற விளையாட்டைக் கைக்குள் அடக்க வேண்டியிருந்தது. அதில் வரும் ஆள் மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கு பக்கமும் போவான். கடைகளில் இருந்த பெரிய இயந்திரங்களில் இதற்கு ஒரு குச்சி இருக்கும். சட்டைப் பையில் வைக்கும் கருவியில் குச்சி நீட்டிக் கொண்டிருந்தால் ஒடிந்து போகாதா?

யோகோய் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு தட்டையான பொத்தான் வைத்தார். கண்ணால் பார்க்க வேண்டாம். விரல் நுனியாலேயே பக்கம் தெரிந்துவிடும். சிறிய கைக்கும் எட்டும், பெரிய கைக்கும் பொருந்தும். கருவியைப் புத்தகம் போல மூடவும் முடிந்தது. மூடினால் திரையில் கீறல் விழாது. அந்தக் கூட்டல் குறி இன்றும் எத்தனையோ வீடியோ கேம் கருவிகளில் இருக்கிறது. அடுத்த முறை அதைத் தொடும்போது இவரை நினைத்துக் கொள்ளுங்கள்.

பச்சைத் திரையின் வெற்றி

கேம் அண்ட் வாட்சில் ஒரு குறை இருந்தது. ஒரு கருவியில் ஒரு விளையாட்டுத்தான். வேறு விளையாட்டு வேண்டுமானால் வேறு கருவி வாங்க வேண்டும். விளையாட்டு அட்டையை மட்டும் மாற்றிக் கொள்ளும் கருவி ஒன்றை யோகோயும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். அதில் சதோரு ஒகாடா என்ற பொறியாளருக்கும் பெரிய பங்கு உண்டு.

1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் 'கேம் பாய்' விற்பனைக்கு வந்தது. விலை 12,500 யென். பார்க்கச் சாம்பல் நிறச் செங்கல் போல இருந்தது. திரையில் வண்ணம் இல்லை. வெளிறிய பச்சையில் நான்கு அழுத்தங்களில் படம் தெரியும். இருட்டில் ஒன்றும் தெரியாது.

அதே ஆண்டு அமெரிக்காவில் 'அடாரி லிங்க்ஸ்' வந்தது. பளபளக்கும் வண்ணத் திரை! அடுத்த ஆண்டு சேகா நிறுவனத்தின் 'கேம் கியர்' வந்தது. அதுவும் வண்ணம்! பச்சைத் திரையை யார் வாங்குவார்கள் என்று பலரும் நினைத்தார்கள். ஆனால், போட்டியாளரின் கருவி வண்ணத் திரை கொண்டது என்று கேள்விப்பட்ட யோகோய் நிம்மதி அடைந்தாராம். ஏன் தெரியுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்ணத் திரைக்கு மின்சாரம் அதிகம் வேண்டும். போட்டிக் கருவிகளுக்கு 6 பேட்டரிகள் போட வேண்டும். மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு 4 பேட்டரிகள். சுமார் 15 மணி நேரம் ஓடும். நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், மாலையில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறியவரின் வண்ணக் கருவி மதுரை வரும்போது அணைந்துவிடும். கேம் பாய், எழும்பூரில் இறங்கும் வரை ஓடும். விலையிலும் அமெரிக்காவில் லிங்க்ஸ் சுமார் 180 டாலர்; கேம் பாய் சுமார் 90 டாலர். சரி பாதி!

வண்ணம் இல்லாததைப் பற்றியும் அவர் யோசித்திருந்தார். வண்ணம் இல்லாமல் பனிப்பொம்மை வரைந்தாலும், பார்ப்பவர் மனத்தில் அது வெள்ளையாகவே தெரியும் என்பது அவர் எண்ணம். நீங்கள் பென்சிலால் ஒரு செம்பருத்திப் பூ வரைந்து பாருங்கள். பார்க்கும் உங்கள் அம்மாவின் மனத்தில் அது சிவப்பாகத்தான் பூக்கும். விளையாட்டு நன்றாக இருந்தால் வண்ணத்தை நம் மனமே பூசிக்கொள்ளும்.

நல்ல விளையாட்டு ஒன்றும் கிடைத்தது. மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் என்பவர் 1984இல் உருவாக்கிய 'டெட்ரிஸ்'. மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். மொழி தெரிய வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயதுத் தாத்தாவுக்கும் புரியும். அமெரிக்காவில் கேம் பாய் வாங்கியவர்களுக்கு இதையும் சேர்த்தே கொடுத்தார்கள். பின்னர் இதே போலக் கட்டை அடுக்கும் மலிவான 'பிரிக் கேம்' கருவிகள் நம் ஊர்க் கடைகளுக்கும் வந்து சேர்ந்தன. உங்கள் அப்பா, சித்தப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். முகம் மலரும்!

கேம் பாய் எவ்வளவு உறுதியானது? 1990-91 வளைகுடாப் போரின்போது குண்டுவீச்சில் ஓர் அமெரிக்க வீரரின் கேம் பாய் தீயில் கருகியது. வெளிப்புறப் பிளாஸ்டிக் உருகிவிட்டது. ஆனாலும் அது ஓடியது! நியூயார்க் நகரில் உள்ள நின்டெண்டோ கடையில் பல ஆண்டுகள் அதைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள்.

கம்பி வழியே ஒரு பூச்சி

கேம் பாயின் பக்கவாட்டில் ஒரு சிறிய துளை இருந்தது. அதில் ஒரு கம்பியைச் செருகினால், இரண்டு கருவிகளை இணைத்து இருவர் சேர்ந்து விளையாடலாம். கையடக்கக் கருவி என்றால் மூலையில் தனியாக உட்கார்ந்து விளையாடுவது என்றுதானே நினைக்கிறோம்? அதிலும் ஒரு தோழனுக்கு இடம் வைத்தார்கள்.

சிறுவயதில் பூச்சி பிடித்து விளையாடிய சதோஷி தஜிரி என்பவர் இந்தக் கம்பியைப் பார்த்தார். அதன் வழியே ஒரு பூச்சி ஊர்ந்து அடுத்த கருவிக்குப் போவதாகக் கற்பனை செய்தார். அந்தக் கற்பனைதான் 1996இல் 'போக்கிமான்' ஆனது! ஒருவர் பிடித்த விலங்கை நண்பருக்குக் கொடுத்து வேறொன்று வாங்கிக் கொள்ளலாம். ஏழு ஆண்டு பழைய கேம் பாய்க்கு மறுபடி இளமை திரும்பியது. அதன் பின் வந்த வண்ணக் கேம் பாயையும் சேர்த்து விற்றவை மொத்தம் 11 கோடியே 86 லட்சத்துக்கும் மேல்.

சிவப்பு நிறத் தோல்வி

வெற்றி பெற்றவர்களின் கதையில் தோல்வியை மறைத்துச் சொல்வது நல்ல வழக்கம் அல்ல. யோகோய்க்கும் பெரிய தோல்வி ஒன்று வந்தது.

1995இல் 'வர்ச்சுவல் பாய்' என்ற கருவியை அவர் உருவாக்கினார். பெரிய கண்ணாடி போன்ற பெட்டி, மேசையில் ஒரு தாங்கியின் மேல் நிற்கும். குனிந்து அதற்குள் பார்த்தால் படம் முன்னும் பின்னுமாக, ஆழத்தோடு தெரியும். ஆனால், எல்லாமே கருப்பிலும் சிவப்பிலும்தான்.

பலருக்குக் கழுத்து வலித்தது. சிலருக்குத் தலை வலித்தது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பயன்படுத்தக் கூடாது என்று அதனோடு எச்சரிக்கையும் கொடுக்க வேண்டியிருந்தது. இடையில் ஓய்வெடுக்கச் சொல்லி நிறுத்தும் வசதியும் அதில் உண்டு. பையில் போட்டுக் கொண்டு போக முடியாது. பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது. அவர் பார்ப்பதும் மற்றவருக்குத் தெரியாது.

கேம் பாய் கோடிக் கணக்கில் விற்றது. வர்ச்சுவல் பாய் பத்து லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஓராண்டுக்குள் விற்பனை நின்றது. கருவிக்குள் வியப்பு நிறைய இருந்தது. ஆனால், விளையாடுபவரின் கண்ணுக்கும் கழுத்துக்கும் அது ஏற்றதாக இல்லை.

யோகோய் துவண்டு உட்காரவில்லை. கேம் பாயை இன்னும் மெலிதாக்கி, இரண்டே சிறிய பேட்டரிகளில் ஓடும் 'கேம் பாய் பாக்கெட்'டை 1996இல் கொண்டு வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் நின்டெண்டோவில் இருந்து விலகினார். தோல்வியால் விலகினார் என்று பலர் பேசினார்கள். ஆனால் ஐம்பது வயதை ஒட்டித் தனித்து வேலை பார்க்க வேண்டும் என்பது அவருடைய பழைய எண்ணம். கியோட்டோவில் 'கோட்டோ' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்.

அணையாத விளக்கு

அங்கே அவர் பண்டாய் நிறுவனத்துக்காக ஒரு புதிய கைக் கருவியை வடிவமைக்கத் தொடங்கினார். ஆனால், அது வெளிவந்ததைப் பார்க்க அவர் இல்லை.

1997 அக்டோபர் 4. ஜப்பானின் இஷிகாவா மாநிலத்தில் விரைவுச் சாலையில் அவர் சென்ற கார் முன்னால் போன வண்டியில் லேசாக மோதியது. என்ன ஆயிற்று என்று பார்க்கக் கீழே இறங்கினார். அப்போது வேகமாக வந்த வேறொரு கார் அவர் மேல் மோதிவிட்டது. 56 வயதில் அவர் வாழ்க்கை முடிந்தது.

அவர் தொடங்கி வைத்த கருவி 1999 மார்ச் மாதம் 'வொண்டர்ஸ்வான்' என்ற பெயரில் வந்தது. விலை 4,800 யென்தான். ஒரே ஒரு பேட்டரி போதும். முப்பது மணி நேரத்தைத் தாண்டியும் ஓடும். கடைசி வரை அவர் தன் கணக்கை மாற்றவே இல்லை! அதற்காக வந்த ஒரு புதிர் விளையாட்டுக்கு அவருடைய நினைவாக 'குன்பே' என்று பெயர் வைத்தார்கள். 2003இல் விளையாட்டு உருவாக்குவோரின் வாழ்நாள் சாதனை விருது, மறைந்த அவருக்கு வழங்கப்பட்டது.

மாமாவிடம் என்ன சொல்வது?

இப்போது தம்பி, தங்கையின் பிறந்தநாளுக்கு வருவோம். யோகோய் காலத்துக் கருவிகள் இன்று கடைகளில் இல்லை. ஆனால் அவர் போட்ட கணக்கு இன்றும் உதவும். வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. கைக்குப் பொருந்துமா? குழந்தை இரண்டு கையாலும் பிடித்து, கட்டை விரலை நீட்டினால் பொத்தான்கள் எட்ட வேண்டும். கனம் அதிகமாக இருந்தால் மணிக்கட்டு வலிக்கும்.

2. விழுந்தால் தாங்குமா? சிறு குழந்தை கையில் இருக்கும் பொருள் விழத்தான் செய்யும். கீழே போட்டதற்காகக் குழந்தையைத் திட்ட வேண்டிய அளவு விலையுள்ள பொருள், அந்தக் குழந்தைக்கு ஏற்ற பொருள் அல்ல.

3. பேட்டரி எங்கே இருக்கிறது? இது மிக முக்கியம். மலிவான சில கருவிகளில் பொத்தான் போன்ற வட்டப் பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக் குழாய் புண்ணாகி, உயிருக்கே ஆபத்து வரலாம். பேட்டரி மூடி, திருகாணியால் இறுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காத்திருக்கக் கூடாது. 2017இல் வந்த 'நின்டெண்டோ ஸ்விட்ச்' கருவியின் சிறிய விளையாட்டு அட்டைகளில், குழந்தைகள் வாயில் போடாமல் இருப்பதற்காகவே கடும் கசப்புப் பொருள் பூசியிருக்கிறார்கள். வேப்பெண்ணெய் தடவி விரல் சூப்புவதை நிறுத்தும் நம் பாட்டிமார் உத்தி ஜப்பானுக்கும் தெரிந்திருக்கிறது!

4. கண்ணும் கழுத்தும் என்ன சொல்லும்? வர்ச்சுவல் பாயை மறக்க வேண்டாம். அரை மணிக்கு ஒரு முறையாவது கருவியை வைத்துவிட்டு எழுந்து, தூரத்தில் உள்ள மரத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு வயது ஆகாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைவாக இருந்தால் நல்லது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது.

5. மொத்தச் செலவு எவ்வளவு? கருவியின் விலையோடு விளையாட்டுகளின் விலையையும் கூட்டுங்கள். இணையம் வழியாகப் பணம் கேட்கும் விளையாட்டு என்றால், பெரியவர் அனுமதி இல்லாமல் எதையும் வாங்க முடியாதபடி பூட்டி வைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

6. நீங்களும் சேர்ந்து விளையாடலாமா? யோகோயின் கம்பியை நினைத்துக் கொள்ளுங்கள். தம்பியும் நீங்களும் மாறி மாறியோ, சேர்ந்தோ விளையாடக் கூடியதாக இருந்தால், அது வீட்டுக்கு வந்த பொருள். தம்பி மட்டும் மூலையில் குனிந்து உட்கார்ந்தால், அது தம்பியை வீட்டில் இருந்து எடுத்துப் போன பொருள்.

இத்தனை கேள்விக்கும் சரியான பதில் தரும் கருவி கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம். பாட்டியின் பல்லாங்குழியைப் பரணில் இருந்து இறக்குங்கள். புளியங்கொட்டை போதும். பேட்டரி தீராது, விழுந்தாலும் உடையாது, ஆட இன்னொருவர் கட்டாயம் வேண்டும். வாயில் எதையும் போடும் வயதுக் குழந்தை பக்கத்தில் இருந்தால் மட்டும் கொட்டைகளைக் கவனமாக எடுத்து வைத்து விடுங்கள். பேட்டரியே இல்லாத அல்ட்ரா ஹேண்டில் தொடங்கிய யோகோய், இதைப் பார்த்திருந்தால் கையில் எடுத்து ஆராயாமல் விட்டிருக்க மாட்டார்!

செய்து பாருங்கள்

வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்களும் ஓர் அல்ட்ரா ஹேண்ட் செய்யலாம். கெட்டி அட்டையில் 12 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் எட்டுப் பட்டைகள் வெட்டிக் கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் இரு முனைகளிலும் ஒரு துளை போடுங்கள். இரண்டு இரண்டாகப் பெருக்கல் குறி போல வைத்து, நடுத் துளையில் சணல் நூல் கோத்து இருபுறமும் முடிச்சுப் போடுங்கள். நான்கு பெருக்கல் குறிகள் கிடைக்கும். ஒன்றின் முனைகளை அடுத்ததன் முனைகளோடு அதே போல முடிச்சால் இணையுங்கள். ஒரு பக்கத்து முனைகளைப் பிடித்து நெருக்கினால், மறுபக்கம் நீளும்!

துளை போடும் வேலையை மட்டும் பெரியவர்களிடம் கொடுங்கள். செய்து முடித்ததும் தம்பி, தங்கையின் கையில் கொடுத்து, தரையில் கிடக்கும் பந்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்போது அந்த முகத்தில் தெரியும் மகிழ்ச்சியைப் பாருங்கள். மாமாவிடம் எதை வாங்கி வரச் சொல்வது என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.